கொள்ளிடம் பக்கம் உட்கார்ந்தவர்

குளித்தலையில் தொடங்கித் திருவாரூரில் முடிந்தன 13 வெற்றிகள். கருணாநிதியின் அறுபதாண்டுச் சட்டமன்ற வாழ்க்கையை முக்கொம்பில் நின்று பார்த்தால்...

முக்கொம்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து, மரநிழலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். மீதிப் பேர் அணை வரைக்கும் நடந்து போய்க் கதவுகளைப் பார்க்கிறார்கள். அங்கே போனால்தான் ஆறு இரண்டாகப் பிரிவது தெரியும். தென்பக்கம் போவது காவிரி, வடபக்கம் போவது கொள்ளிடம். நடுவே ஸ்ரீரங்கம் தீவு.

இரண்டுக்கும் வேலை ஒன்றல்ல. வயலுக்கு வேண்டிய தண்ணீர் காவிரிக் கதவுகள் வழியாக இறங்கும். மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. கொள்ளிடம் பள்ளமாகி, காவிரி மேடேறி, வந்த தண்ணீரெல்லாம் வடக்கே ஓடித் தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கத்தான் 1836-லிருந்து 1838-க்குள் ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டினார். அதன்பிறகு கொள்ளிடம் ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணல். ஆனால், மேட்டூர் நிரம்பி வழிகிற ஆண்டில் கொள்ளிடம் மட்டும் இல்லையென்றால் காவிரிக்கரை ஊர்கள் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். பெயரே அதுதானே, கொள்ளும் இடம்.

சட்டமன்றத்திலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ஆட்சி. கோப்பு, நிதி, அரசாணை எல்லாம் அந்த வழியாகத்தான் ஊருக்குப் பாயும். மறுபக்கம் எதிர்வரிசை. சாதாரண நாளில் மணல்வெளி போலத்தான் இருக்கும். ஊரில் கோபம் வெள்ளமாக வரும்போது அதை வாங்கிக்கொள்ள அந்த இடம் வேண்டும்.

தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு அதிக முறை தேர்வானவர் மு.கருணாநிதி. 1957-லிருந்து 2016 வரை 13 முறை. ‘ஐந்து முறை முதலமைச்சர்’ என்றுதான் அவரைப் பற்றிய எந்தக் குறிப்பும் தொடங்கும். அது சரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலமைச்சர் நாற்காலியில் அவர் இருந்தது ஏறத்தாழ 19 ஆண்டுகள். ஆளுங்கட்சிக்கு எதிரே உறுப்பினராக இருந்தது கால் நூற்றாண்டுக்கும் மேல். அவரை அவராக்கியது அந்த மணல்வெளிதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முக்கொம்பிலிருந்து ஆற்றோடு மேற்கே போனால், வாழைத்தோட்டங்களையும் பேட்டவாய்த்தலையையும் தாண்டிக் குளித்தலை. அந்த ஊர்ப் பக்கம் பழைய சொலவடை ஒன்று உண்டு: ‘காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்.’ காலையில் குளித்தலைக் கடம்பர் கோயில், உச்சிவேளையில் அய்யர்மலை, பொழுது சாயும் நேரத்தில் ஆற்றைக் கடந்து அக்கரைத் திருஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்றையும் தரிசிப்பது புண்ணியம் என்பார்கள். கடவுள் மறுப்பாளர் ஒருவரின் வாழ்க்கையை இந்தச் சொலவடையில் அடுக்குவது குறும்புதான். ஆனால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அவருடைய காலையும் குளித்தலையில்தான் விடிந்தது.

காலை: குளித்தலை

குளித்தலைக்கு முன்பே திருச்சிச் சீமை அவருக்குப் பழக்கம். கொள்ளிடத்துக்கு வடக்கே, டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953 ஜூலை 15-ல் நடந்த போராட்டத்தில் தண்டவாளத்தில் படுத்தார். அதற்காகத் திருச்சிச் சிறையில் இருந்தார். ‘கல்லக்குடி கொண்டான்’ என்ற பட்டம் அப்போது ஒட்டிக்கொண்டது.

அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய முடிவும் திருச்சியில் எடுக்கப்பட்டதுதான். 1949-ல் தொடங்கிய தி.மு.க. 1952 தேர்தலில் நிற்கவில்லை. அடுத்த தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் அண்ணா தொண்டர்களிடமே கேட்டார். இரண்டு பெட்டிகள். நிற்கலாம் என்பவர்களுக்குச் சிவப்பு, வேண்டாம் என்பவர்களுக்குக் கறுப்பு. பெட்டிகளைத் திறந்தபோது சிவப்பு அள்ளிக்கொண்டு போயிருந்தது. தேர்தலில் நிற்பதா என்பதையே ஒரு தேர்தல் வைத்து முடிவு செய்த கட்சி அது.

1957-ல் குளித்தலை, திருச்சி மாவட்டத்தில் இருந்தது. கரூர் மாவட்டமெல்லாம் பிறகு வந்த கதை. தி.மு.க.வுக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இன்னும் கிடைத்திருக்கவில்லை. வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே களத்தில் நின்றார்கள். 32 வயது கருணாநிதிக்கு ஊரறிந்த அடையாளம் சினிமா வசனம். ‘பராசக்தி’ வந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. காங்கிரஸ் வேட்பாளரை 8,296 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

205 பேர் கொண்ட அவையில் தி.மு.க.வுக்கு 15 பேர். எதிரே காமராஜர், சி.சுப்பிரமணியம், பக்தவத்சலம். நிர்வாகம் கரைத்துக் குடித்தவர்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் அடுக்குமொழி கோட்டைக்குள் செல்லுமா என்ற கேள்வி எல்லோருக்கும் இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் நங்கவரத்திலிருந்து வந்தது. குளித்தலைக்குக் கிழக்கே வாய்க்கால் பாசனத்தில் செழித்த ஊர் அது. அங்கே இருந்த பண்ணையின் அளவைச் சொல்ல ‘நாடு பாதி, நங்கவரம் பாதி’ என்பார்கள். அந்த நிலங்களில் கையேரு வாரத்துக்கு உழுதவர்களுக்குக் கையில் ஏர் இருந்தது, காலடி மண்ணில் உரிமை இல்லை. குத்தகைதாரர் பாதுகாப்புக்கு 1955-லும், நியாய வாரத்துக்கு 1956-லும் சட்டங்கள் வந்துவிட்டன. சட்டம் கோட்டையில் இருந்தது, நெல் களத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையிலான தூரத்தைத்தான் கருணாநிதி தன் கன்னிப் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

திராவிட நாடு, இந்தி எதிர்ப்பு, வடக்கு தெற்கு என்று பேசியிருந்தால் கட்சிக்காரர்கள் ரசித்திருப்பார்கள். அவர் பேசியது தன் தொகுதியில் ஒரு பண்ணை, அதில் உழுகிறவர்கள், அவர்களுடைய வாரம். பேச்சோடு விட்டுவிடாமல் நங்கவரம் உழவர்களின் போராட்டத்திலும் இறங்கினார். சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு கால் உண்டு, ஒன்று அவைக்குள், ஒன்று வயலில் என்பதை முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டார்.

அந்த ஐந்தாண்டுகளில் எதிர்வரிசை அவருக்குக் கற்றுக்கொடுத்தது சின்ன விஷயம் அல்ல. கேள்வி நேரத்தில் ஒரு வரிக் கேள்வி கேட்டு, அமைச்சரின் பதிலிலிருந்து துணைக் கேள்வியைப் பிடிப்பது. மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் கொடுப்பது. விதியைக் காட்டி ஒழுங்குப் பிரச்சினை கிளப்புவது. பெரும்பான்மை இல்லாதவனுக்கு அவை விதிகள்தான் ஆயுதம். பதினைந்து பேர் அந்த ஆயுதத்தைத் தீட்டிக்கொண்டார்கள்.

காமராஜர் அதைக் கவனிக்காமல் இல்லை. 1962 தேர்தலில் அந்தப் பதினைந்து பேரையும் குறிவைத்து காங்கிரஸ் வேலை செய்தது. பதினான்கு பேர் தோற்றார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். பதினைந்தில் மிஞ்சியவர் ஒருவர். குளித்தலையை விட்டு ஆற்றோடு கீழே இறங்கித் தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி, அங்கே செல்வாக்குள்ள பரிசுத்த நாடாரை 1,928 வாக்குகளில் வென்றார். கட்சி 50 இடங்களைப் பிடித்தது. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஐந்தாண்டு அனுபவத்தோடு திரும்பி வந்த கருணாநிதி துணைத் தலைவர் ஆனார்.

உச்சி: கோட்டை

1967-ல் ஆறு வேறு பக்கம் திரும்பியது. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. சைதாப்பேட்டையில் வென்ற கருணாநிதிக்குப் பொதுப்பணித்துறை. இந்த முக்கொம்பின் கதவுகளை அப்போது திறந்து மூடிய துறை அது. பத்தாண்டு எதிர்வரிசையில் இருந்தவருக்கு முதல் முறையாகக் காவிரிப் பக்கத்துச் சாவி கைக்கு வந்தது. 1969 பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார். அதே மாதம் 10-ம் தேதி கருணாநிதி முதலமைச்சர்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சைக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. நங்கவரத்தைப் பேசிக் கோட்டைக்குள் வந்த கட்சி ஆட்சியில் இருந்த நேரம். உழவர் கோபத்தை எதிர்வரிசையில் உட்கார்ந்து பேசுவது ஒன்று, ஆட்சியில் உட்கார்ந்து அதற்குப் பொறுப்பேற்பது வேறு. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார் தரப்பு பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதும் சேர்ந்து, வெண்மணி திராவிட ஆட்சியின் மேல் ஆறாத வடுவாகவே இருக்கிறது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1969-ல் கீழத்தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1970-ல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. 1971-ல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம். ‘இறங்கு, இது என் இடம்’ என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தைத் தெருவுக்குத் தள்ள முடிந்த காலத்தில், அந்தச் சொல்லைப் பிடுங்கியது பெரிய காரியம். நில உச்சவரம்பு அந்த அளவு பலிக்கவில்லை. நாய்க்கும் பூனைக்கும்கூட நிலம் எழுதிவைத்தார்கள் என்று ஊர் கேலி பேசுமளவுக்குப் பினாமிகள் பெருகினார்கள். நங்கவரத்துக் கன்னிப் பேச்சின் நீளத்துக்கு ஆட்சியின் கை எட்டவில்லை.

இதே காலத்தில்தான் காவிரியைப் பற்றிய நீண்ட வழக்கும் சூடு பிடித்தது. கர்நாடகத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை 1972-ல் தமிழக அரசு திரும்பப் பெற்றது. 1924 ஒப்பந்தம் கையெழுத்தாகி 1974-ல் ஐம்பதாண்டு நிறைந்தது. இரண்டுக்கும் கருணாநிதிதான் பொறுப்பு என்று எதிரணி இன்றைக்கும் மேடையில் சொல்கிறது. ஒப்பந்தம் காலாவதியாகவில்லை, சில பிரிவுகள் மறுபரிசீலனைக்கு உரியவை மட்டுமே என்பது அவர் தரப்பு. நடுவர் மன்றம் 1990 ஜூன் 2-ல் அமைக்கப்பட்டபோதும், அதன் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-ல் வந்தபோதும் முதலமைச்சராக இருந்தவர் அவர்தான் என்பதையும் அதே தரப்பு நினைவூட்டும். டெல்டாக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது பெரும்பாலும் அவர் வீட்டில் எந்தக் கொடி பறக்கிறது என்பதைப் பொறுத்தது.

1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. ஊழல் புகார்களை விசாரிக்கச் சர்க்காரியா ஆணையம் வந்தது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து தண்ணீர் பெறும் வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தின் ஒப்பந்தமும் அது ஆராய்ந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. திட்டம் பாதியில் நின்றது. சாலையோரம் கிடந்த ராட்சதக் குழாய்களுக்குள் ஏழைகள் குடித்தனம் நடத்தியதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. எந்த வழக்கிலும் அவர் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்தக் குழாய்கள் பேசிய பேச்சை எந்தத் தீர்ப்பாலும் நிறுத்த முடியவில்லை.

1977-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சர். கருணாநிதி எதிர்க்கட்சித் தலைவர். பிற்காலத்தில் தோற்ற முதலமைச்சர்கள் அவைக்குள் வரக் கூசினார்கள். அவர் கூசவில்லை. தன்னிடமிருந்து பிரிந்து போன நண்பர் முதலமைச்சர் இருக்கையில், தான் எதிரே. தினமும் வந்தார், கேட்டார், பேசினார். முன்பு தானே போட்ட திட்டங்களின் உள்ளும் புறமும் தெரிந்தவர் கேட்கும் கேள்வி எப்படி இருக்கும்? ஆட்சியில் கற்றதை எதிர்வரிசையிலும், எதிர்வரிசையில் கற்றதை ஆட்சியிலும் செலவு செய்யத் தெரிந்தவர் அவர்.

‘தோல்வியே காணாதவர்’ என்று அவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். உண்மைதான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் சில மயிரிழைகள் ஒளிந்திருக்கின்றன. 1980-ல் அண்ணாநகரில் அ.தி.மு.க.வின் எச்.வி.ஹண்டேயை வென்றது 699 வாக்குகளில். 1991-ல் துறைமுகத்தில் வென்றது 890 வாக்குகளில். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் வந்த அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு மொத்தமே 2 இடம். தோல்விக்குப் பொறுப்பேற்றுக் கருணாநிதி தன் இடத்தையும் ராஜினாமா செய்தார். அதன்பின் பரிதி இளம்வழுதி ஒற்றை ஆளாக அவையில் நின்றார்.

ராஜினாமா அவருக்குப் புதிதல்ல. 1983-ல் ஈழத்தமிழர் படுகொலையைக் கண்டித்து அவரும் க.அன்பழகனும் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். 1984 தேர்தலில் அவர் நிற்கவில்லை. மேலவைக்குப் போனார். 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு மேலவையையே கலைத்தது.

அவருடைய அவை வாழ்க்கையின் மிகக் கறுத்த நாள் 1989 மார்ச் 25. பதிமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதலமைச்சராகத் திரும்பியவர் நிதிநிலை அறிக்கையைப் படிக்க எழுந்த நாள். எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா. அமளி, கைகலப்பு. தலைவிரி கோலமாக, சேலை கிழிக்கப்பட்டதாகச் சொல்லி அவர் வெளியே வந்தார். யார் முதலில் கை வைத்தார்கள் என்பதில் இரு கட்சியும் இன்றுவரை இரண்டு கதை சொல்கின்றன. இதில் ஒரு முரண் உண்டு. இந்துக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்ததாகக் கணக்கிடப்படும் தேதியும் அதே 1989 மார்ச் 25-தான். ஒரே தேதி. சட்டப் புத்தகத்தில் ஒரு பெருமை, அவைக்குள் ஒரு அவமானம். அவருடைய வாழ்க்கையை எழுத வருகிற யாரும் ஒன்றை எழுதிவிட்டு மற்றொன்றை விட முடியாது.

அந்தி: திருவாரூர்

அந்த நாளுக்குப் பிறகு தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. தோற்ற தலைவர் அவைக்கு வருவதில்லை. 1996-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த கருணாநிதிக்கு அது தெரியவில்லை, காவிரிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சேப்பாக்கத்தில் 1996, 2001, 2006 என்று மூன்று முறை வென்றார். ஆனால் 2001-ல் ஆட்சி போனபோது, எதிர்க்கட்சித் தலைவராக அன்பழகனை அமர்த்திவிட்டு, தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். ஜெயலலிதாவும் தன் முறை வந்தபோது அப்படியே செய்தார். 15 பேரில் ஒருவராகக் காமராஜர் ஆட்சியைத் திணறடித்தவர், 31 பேரை வைத்துக்கொண்டு கையெழுத்தோடு நின்றார். இது அவர் ஒருவரின் பிழை அல்ல, இருவர் பகையின் விலை. ஆனால் அந்த விலையை அவை கொடுத்தது.

2006-ல் ஐந்தாம் முறை முதலமைச்சர். பதவியேற்ற கையோடு கூட்டுறவு வங்கிகளில் விவசாயிகள் வாங்கிய சுமார் 7,000 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி. அதே மாதம் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற அரசாணை. 1970-ல் அவர் கொண்டுவந்த சட்டத்தின் மிச்சக் கதை அது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த அந்தச் சட்டத்தை 1972-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றாலும், ஆகமப்படிதான் நியமனம் என்று ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து அதே முடிச்சை அவிழ்க்க அவரே வந்தார். அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று ஸ்ரீரங்கத்தில் தொடங்கியது. நீண்ட காலம் சட்டமன்றத்தில் இருப்பதன் பயன் இதுதான். தொடங்கி, தடைபட்டு, மறந்துபோன காரியத்தை யார் நினைவு வைத்திருப்பது? தொடங்கியவரே அவையில் இருந்தால் அது மறக்காது.

அவைக்கு ஒரு புது வீடும் கட்டினார். ஓமந்தூரார் தோட்டத்தில் எழுந்த புதிய தலைமைச் செயலகத்தையும் சட்டமன்றத்தையும் 2010 மார்ச் 13-ல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. சட்டமன்றம் பழைய கோட்டைக்குத் திரும்பியது. அந்தக் கட்டடம் இன்று அரசுப் பன்னோக்கு மருத்துவமனை. அவர் ஆசையாகக் கட்டிய அவையில் இப்போது ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ஏழைகளுக்கு அது உதவுகிறது என்பதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் தமிழக அரசியலில் பகை எவ்வளவு கனமானது என்பதற்கு அதைவிடப் பெரிய கல்வெட்டு வேண்டாம்.

2011 தேர்தலில் இரண்டு தலைவர்களும் சென்னையை விட்டுக் காவிரிக்கு வந்தார்கள். ஜெயலலிதா தலைமாட்டில், ஸ்ரீரங்கத்தில். கருணாநிதி கடைமடைப் பக்கம், திருவாரூரில். திருக்குவளையில் பிறந்து, தான் படித்த திருவாரூருக்கு 86 வயதில் வேட்பாளராகத் திரும்பியவரை ஊர் கைவிடவில்லை. 50,249 வாக்குகள் வித்தியாசம். 2016-ல் அது 68,366 ஆனது. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிக வித்தியாசம் அதுதான். 1980-ன் 699-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மனிதர் எங்கே அந்நியர், எங்கே சொந்தக்காரர் என்பது விளங்கும்.

இந்தியாவின் மற்ற நெடுங்கால உறுப்பினர்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கேரளத்தின் கே.எம்.மாணியும் 13 முறை வென்றவர். 1965-லிருந்து 2016 வரை அத்தனையும் பாலா என்ற ஒரே தொகுதியில். உம்மன் சாண்டிக்கு 1970-லிருந்து புதுப்பள்ளி. மகாராஷ்டிரத்தின் கணபத்ராவ் தேஷ்முக் 11 முறை வென்றதும் சாங்கோலா ஒன்றில்தான். அவர்கள் ஊன்றிய ஆலமரங்கள். கருணாநிதிக்கு 13 வெற்றியில் ஏழு தொகுதிகள். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். ஆற்றோடு இறங்கிக் கடற்கரைக்குப் போய், கடைசியில் கடைமடைக்குத் திரும்பிய பயணம். குளித்தலைக்காரர்கள் அதை ஒரு குறையாகச் சொல்லலாம். முதல் பேச்சு எங்கள் ஊருக்காக, மிச்சப் பேச்செல்லாம் மாநிலத்துக்காக என்று. ஆனால் காவிரியைக் கடந்து குளித்தலையையும் முசிறியையும் சேர்க்கும் தந்தை பெரியார் பாலத்தில் நின்று பார்த்தால், அவரைப் பற்றிப் பேசாமல் அந்த ஊரின் அரசியலை யாரும் முடிப்பதில்லை.

13-வது முறை வென்றவர் அவைக்குள் பதவியேற்கவில்லை. சக்கர நாற்காலியில் வந்து பேரவைத் தலைவரின் அறையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். சக்கர நாற்காலியோடு உட்கார ஏற்ற இட வசதி அவையில் வேண்டும் என்பது அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளாகவே அவர் தரப்பின் கோரிக்கை. அந்த ஆண்டு இறுதியில் மூச்சுக்குழாய்ச் சிகிச்சை. பேச்சு நின்றது. தமிழகச் சட்டமன்றத்தின் அவைக் குறிப்புகளில் அதிகப் பக்கங்களை நிரப்பியவர்களில் ஒருவர், பேசாத உறுப்பினர் ஆனார். 2017 ஜூன் 3-ல், அவருடைய 94-வது பிறந்த நாளில், சட்டமன்ற வைரவிழாவைச் சென்னையில் கொண்டாடினார்கள். பல மாநிலத் தலைவர்கள் வந்தார்கள். விழா நாயகர் வரவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7 மாலை அவர் மறைந்தபோது, பதிவேட்டின்படி அவர் திருவாரூர்ச் சட்டமன்ற உறுப்பினர்.

அந்த ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம். மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் கொள்ளிடக் கதவுகள் வழியாக நாட்கணக்கில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது உடைந்து விழுந்தன. 180 ஆண்டுப் பழைய அணை. காவிரிப் பக்கத்துக் கதவுகளை எல்லோரும் கவனிப்பார்கள். பாசனம் அந்த வழியாகத்தானே. கொள்ளிடத்துக் கதவு உடைந்த பிறகுதான் அது எவ்வளவு சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று ஊர் பேசியது. மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும் கொட்டி அடைத்தார்கள். இப்போது பக்கத்தில் 387.60 கோடி ரூபாயில் புதிய கதவணை நிற்கிறது.

அதைக் கட்டிவிட்டோம். அவையின் எதிர்வரிசையை யார் கட்டுவது? தோற்றால் வருவதில்லை, வந்தால் பேச விடுவதில்லை, பேசினால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கம் என்ற பழக்கத்தில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு. அதில் கருணாநிதியின் பிற்காலத்துக்கும் பங்கு உண்டு. அதற்கு மருந்து அவருடைய முற்காலத்தில் இருக்கிறது.

சாயங்காலம் முக்கொம்பில் கூட்டம் கலையும் நேரம் அணைமேல் நின்று மேற்கே பார்த்தால், வருகிற தண்ணீரெல்லாம் குளித்தலையைத் தொட்டுவிட்டு வருவதுதான். எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது தண்ணீரின் கையில் இல்லை, கதவுகள் சொல்லும். 1957-ல் குளித்தலையிலிருந்து கோட்டைக்குப் போன இளைஞனையும் மக்கள் கொள்ளிடம் பக்கம்தான் அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்து அவர் முதலில் பேசியது நங்கவரத்து நெல்லைப் பற்றி.